கடல் ஓணானாக நடித்த மனிதர்

போர் முடிந்த அந்த வைகாசியில் என் கணவருக்குக் காற்சட்டை இடுப்பில் நிற்காது. அவ்வளவு மெலிவு. மாதக்கணக்காக அவருடைய அக்காவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. வேலையால் வந்தால் போனும் கையுமாக இருப்பார், சாப்பாட்டைத் தொடமாட்டார். ஒரு வெள்ளிக்கிழமை வவுனியா முகாமிலிருந்து அக்காவே கதைத்தா.

"எல்லாரும் உயிரோட இருக்கிறமடா."

போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் வந்து அழுதார். பிறகு சோறு கேட்டார்.

இங்கே டென்மார்க்கில் நாலாம் வகுப்பில் படித்த எங்கள் மகள் அந்த நேரம் பார்த்து அவரைப் பிடித்தாள். திங்கட்கிழமை, பெற்றோருக்கு முன்னால், கலாபகோஸ் தீவுகளின் கடல் ஓணானைப் பற்றி அவள் பேசவேண்டும். ஓணானாக நடிக்க ஓர் ஆள் தேவை.

"கடலுக்குள்ள போய் என்னத்தைத் தின்னும், மீனோ?"

"இல்லை அப்பா, பாசி மட்டும்தான்."

"அப்ப சைவம். சரி, நடிக்கிறன்."

திங்கள் காலை நெற்றியில் கோதுமை மா பூசிக்கொண்டு வகுப்பு மேசையில் குப்புறப் படுத்தார். மகள் டேனிஷில் விளக்கினாள். குளிர்ந்த கடலில் மேய்ந்து வந்த ஓணான் கறுப்புப் பாறையில் வெயில் காயுமாம். பாசியோடு உள்ளே போன உப்பை மூக்கால் தும்மித் தள்ளுமாம். அது தலையில் விழுந்து வெள்ளையாய்க் காயுமாம்.

"இப்ப தும்முங்கோ அப்பா!"

ஒரு தும்மல்தான் ஒத்திகை பார்த்தது. ஆனால் யன்னல் திறந்திருந்தது, வெளியே பேர்ச் மரங்கள் பூத்திருந்தன. அந்த மகரந்தம் அவருக்கு ஒத்துவராது. தும்மல் நிற்கவேயில்லை. மா பறந்து முன்வரிசைப் பிள்ளைகளின் முகமெல்லாம் வெள்ளை. வகுப்பே உருண்டு சிரித்தது. ஆசிரியை ஓடிப்போய் யன்னலைச் சாத்தினா. "இது நடிப்பில்லை" என்று சொல்ல வாய் திறந்த என் கணவர் திரும்பவும் தும்மி, தானும் சிரித்தார். அவர் சிரித்ததை எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நான் அன்றுதான் பார்த்தேன்.

மகள் விடவில்லை. பாசி அழிந்துபோகிற காலங்களில் அந்த ஓணான் நீளத்திலேயே சுருங்கும், தீனி வந்ததும் திரும்ப வளரும் என்று சொல்லி முடித்தாள்.

வீட்டுக்கு வரும்போது காரில் கேட்டார்: "எலும்புமோ சுருங்கும்?"

"ஓம் அப்பா. பிறகு வளரும்."

"கெட்டிக்காரச் சீவன்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "இண்டைக்கு என்ன கறி?"

அந்தக் கோடை முழுக்க, கடையில் அவரைக் கண்ட பிள்ளைகள் தூரத்தில் நின்று தும்முவார்கள். இவரும் பால் பெட்டிகளுக்கு நடுவில் நின்று பதிலுக்குத் தும்முவார்.