செவலையின் விலாவில் வைத்த கை

பிள்ளைகளே, நம் நாய் செவலைக்கு ஏன் ஆபரேஷன் செய்யவில்லை என்று அன்று அழுதீர்களே, இப்போது சொல்கிறேன்.

அதன் மடியில் கட்டி வந்தபோது, குட்டிகளைக் கொடுத்துவிட்டதால் பால் கட்டிக்கொண்டது என்று நினைத்தேன். மாதக்கணக்கில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினேன். கட்டி எலுமிச்சை அளவானதும்தான் உத்திரமேரூர் மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன்.

அங்கிருந்த டாக்டர் ஒல்லியானவர். உடைந்த மூக்குக்கண்ணாடியை நூலால் கட்டியிருந்தார். எந்தப் பிராணியானாலும் முதலில் விலாவில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். செவலைக்கும் அப்படித்தான் செய்தார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"கட்டிய அறுத்துடுங்க சார். பசங்க வூட்ல காத்துக்கினு கீதுங்க" என்றேன்.

"மூச்சு வாங்குது பாருப்பா. இது புத்துநோய். கட்டியிலேருந்து ரத்தத்தோட போயி நுரையீரல்ல எறங்கிடுச்சி. நீ பயிர் வைக்கிறவன்தானே? நடவு முடிஞ்சப்புறம் நாத்தங்கால அழிச்சா வயல் காலியாவுமா?"

"முன்னாடியே இட்டாந்திருந்தா, சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பதில் சொல்லவில்லை. தெரியாமலா, என் மனசு தாங்காது என்றா, இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

செவலையை ஏரிக்கரையில் புதைத்தபோது நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள். மண்ணைத் தள்ளுவதற்கு முன், அதன் விலாவில் உள்ளங்கையை வைத்து, நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.