அவர் குடிக்கவே மாட்டார், டாக்டர்!

போன வாரம் பிரேசர் டவுனில் என் சிநேகிதி ஸ்டெல்லா வீட்டில் கிறிஸ்துமஸ் விருந்து. பிரியாணி, கேக்... பக்கத்திலேயே ஒரு பெரிய ஜாடி நிறைய அவளே போட்ட திராட்சை ஒயின்.

என் கணவர் மதுவைத் தொடாதவர். ஆபீஸ் பார்ட்டியில்கூட ஆரஞ்சு ஜூஸோடு ஓரமாக நிற்பவர். பிரஷருக்கு மாத்திரை ஆரம்பித்து ஒரு மாதம்தான் ஆகிறது.

"வீட்ல பண்ணதுதான் அண்ணா, வெறும் திராட்சை. என் மாமியாரே குடிப்பாங்க" என்றாள் ஸ்டெல்லா. மாமியாரே குடிக்கும்போது என்ன பயம்? இவர் ஒரு கிளாஸ் வாங்கிக்கொண்டார். நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் ஹாலில் உட்கார்ந்திருந்தோம். ஸ்டெல்லாவின் கணவர் காமிராவோடு வந்தார். "ரோல்ல கடைசி ஒண்ணுதான் இருக்கு... எல்லாரும் சட்டுனு எழுந்து நில்லுங்க!"

இவர் எழுந்தார். நின்றார். அப்படியே சரிந்தார்.

எனக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளை, விருந்துக்கு வந்தவர்களில் ஒரு டாக்டர் இருந்தார். தரையிலேயே படுக்க வைத்து, காலுக்கடியில் தலையணை கொடுத்து, நாடி பார்த்தார்.

"மாத்திரை ஏதாவது சாப்பிடறாரா?"

"பிரஷருக்கு."

"இன்னிக்கு டிரிங்க்ஸ் எடுத்தாரா?"

"ஐயோ டாக்டர்! அவர் குடிக்கவே மாட்டார். சத்தியமா!"

டாக்டரின் முகம் மாறியது. "அப்ப ஹார்ட்டா இருக்கலாம். வண்டிய எடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

ஸ்டெல்லா அழ ஆரம்பித்தாள். நான் முருகனில் ஆரம்பித்து, சுவரில் இருந்த மாதா வரைக்கும் வேண்டிக்கொண்டேன்.

தரையிலிருந்து ஈனஸ்வரத்தில் ஒரு குரல் — "டாக்டர்... அந்த ஒயின்... மூணு கிளாஸ்."

டாக்டர் ஜாடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மாத்திரையும் பிரஷர எறக்கும், இதுவும் எறக்கும்மா. ரெண்டும் சேர்ந்து, டக்குனு வேற எழுந்தா தலை சுத்தாம என்ன பண்ணும்? வீட்ல பண்ணா அது ஒயின் இல்லியா?"

மறுநாள் ஈசிஜியும் எடுத்தாயிற்று. இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை.

நம் வீடுகளில் 'குடிப்பாரா?' என்று யார் கேட்டாலும், மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கிற மாதிரியேதான் காதில் விழுகிறது. டாக்டர் கேட்டது அன்று மதியம் வயிற்றுக்குள் போனதைப் பற்றி. நான் பாட்டுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தேன்... சத்தியம் வேறு!

நாலு பேர் முன்னால் இவர் என் பேச்சை மறுத்தால் எனக்கு ஆகவே ஆகாது. அன்று மறுத்தார் பாருங்கள் — அந்த வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும்!