தாளில் எழுதாத ஜெபம்

சபையில் செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில், கடைசி வரிசையில் உட்காருகிறவள் நான். உங்களில் பலருக்கு என் முகம் தெரியும், பெயர் தெரியாது. பெயர் புஷ்பமேரி. எர்ணாவூர் குடியிருப்பில் மூன்றாவது மாடி. ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது நன்றிகெட்டதனம். அதனால் எழுதுகிறேன்.

என் மகள் பிளெஸ்ஸிக்கு இருபத்திரண்டு வயது. பிறக்கும்போதே மூளைக்கு மூச்சுக்காற்று போகவில்லை. உட்கார மாட்டாள், பேச மாட்டாள், வலிப்பு வேறு. வெறும் தண்ணீர் கொடுத்தாலும் புரையேறும். கஞ்சியைக் கெட்டியாக்கி, அதில் வலிப்பு மாத்திரையைப் பொடித்துக் கலந்து, கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும். ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம் ஆகும். அவளுடைய அப்பா ஹார்பரில் வேலை பார்த்தவர். அவர் இறந்துபோய் ஒன்பது வருஷம். அதற்குப் பிறகு தூக்குவதும் நான்தான், துடைப்பதும் நான்தான்.

முன்பெல்லாம் அவளைச் சபைக்குத் தூக்கிக்கொண்டு வருவேன். ஜெப நேரத்தில் சத்தம் போடுவாள். கண்ணை மூடிக்கொண்டே எத்தனை பேர் முகம் சுளிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு சகோதரி வந்து, "விசுவாசம் பத்தலம்மா, அதான் புள்ள நடக்கல" என்றார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "உங்க மூட்டுவலிக்கும் அதான் காரணமா சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டேன். அதோடு வீட்டுக்கு வந்து ஜெபிக்கிறவர்களும் நின்றுபோனார்கள். ஞாயிற்றுக்கிழமை அவள் தூங்குகிற நேரம் பார்த்துக் கதவைப் பூட்டிக்கொண்டு வருவேன், பிரசங்கம் முடிவதற்குள் ஓடிவிடுவேன்.

பேச்சுத் துணையில்லாமலே நாள் போகும். கீழே ரோட்டில் கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால் பிளெஸ்ஸி சிரிப்பாள். அவள் சிரித்தாள் என்று சொல்லக்கூட எனக்கு ஓர் ஆள் கிடையாது. சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபிக்கும்போது மட்டும்தான் வாய்விட்டுப் பேசுவேன். மூன்று வேளையும் ஒரே ஜெபம்: "ஆண்டவரே, இந்த ஆகாரத்துக்கு நன்றி. புள்ளைக்குப் புரையேறாம காத்துக்கோங்க. எங்க ரெண்டு பேரையும் ஒரே நாள்ல எடுத்துக்கோங்க. ஆமென்." உடனே பிளெஸ்ஸி வாயைத் திறப்பாள். பழக்கம்.

போன மழைக்காலத்தில் எனக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டும் என்றார் டாக்டர். பிளெஸ்ஸியை யாரிடம் விடுவது? இரண்டு முறை தேதி கொடுத்தார்கள். இரண்டு முறையும் போகவில்லை. மூன்றாவது முறை ஆஸ்பத்திரி நர்ஸம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நீ போய்ச் சேந்துட்டா அந்தப் பொண்ண யாரும்மா பாப்பா? மாத்தூர்ல ஒரு எடம் கீது. பத்து நாள், பதினஞ்சு நாள் வெச்சுப் பாத்துக்குவாங்க."

"பெத்த பொண்ண ஹோம்ல தள்ற அளவுக்கு நான் கெட்டுப்போகல" என்றேன்.

"தள்றதுக்கு இல்லம்மா. திரும்ப வந்து கூட்டினு போறதுக்குத்தான் அங்க வுடறது."

வீட்டுக்கு வந்து தரையில் விழுந்து அழுதேன். இருபத்திரண்டு வருஷமாக அவளை நடக்க வைக்கச் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு, "நடக்க வேண்டாம் ஆண்டவரே. பத்து நாள் குடுங்க. பத்து நாளைக்கு ஒரு கை குடுங்க" என்று கேட்டேன். இவ்வளவு சின்னதாகக் கேட்பது அவிசுவாசமோ என்று பயமாகவும் இருந்தது. மறுநாள் மாத்தூருக்குப் போன் செய்தேன். ஒரு கட்டில் காலியாக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அழைத்து வாருங்கள் என்றார்கள்.

நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். எந்தப் பக்கம் சாய்த்து உட்கார வைப்பது, எந்தக் கரண்டி, வலிப்பு வந்தால் என்ன செய்வது, எல்லாம். ஞாயிறு மத்தியானக் கஞ்சியை அங்கே நானே கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தேன். திங்கள் காலை ஆபரேஷன். சாயங்காலம் கண் விழித்தால், மற்ற கட்டில்களைச் சுற்றிச் சொந்தக்காரர்கள். என் கட்டிலில் போன்தான் அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டில் அம்மாவின் மருமகள் எடுத்து என் காதில் வைத்தாள்.

மாத்தூரில் பிளெஸ்ஸியைப் பார்த்துக்கொள்கிற நூர்ஜஹான்தான் பேசினாள். தண்டையார்பேட்டைக்காரி.

"அக்கா, இன்னா பண்ணாலும் பொண்ணு வாயத் தொறக்க மாட்டேங்குது. நேத்து ராத்திரி, இன்னிக்குக் காலைல, மத்தியானம், மூணு வேளை மாத்திரையும் உள்ள போகல. இப்பவும் போகலன்னா ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கினு போகணும்."

எழுந்திருக்கப் பார்த்தேன். வயிறு கிழிகிற மாதிரி வலித்தது. என் பிள்ளையைக் கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆண்டவரே, எல்லாம் எழுதினேனே, எதை விட்டேன், காட்டும் என்று கதறினேன்.

"அழாதீங்கக்கா. வூட்ல எப்டி குடுப்பீங்க? மொதல்லேர்ந்து சொல்லுங்க."

சொன்னேன். சாய்த்து உட்கார வைப்பேன். துண்டு கட்டுவேன். கஞ்சியை ஆற்றுவேன். ஜெபம் பண்ணுவேன்…

அங்கேயே நிறுத்திவிட்டேன். நான்கு பக்கத்தில் எங்கேயும் ஜெபம் இல்லை. ஜெபிக்காமல் யாராவது சாப்பிடுவார்களா என்ன? அதை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"அட, இவ்ளோதானா! எங்க வூட்லயும் பிஸ்மி சொல்லாம சோத்துல கை வெக்க மாட்டோம்க்கா. உங்களுது சொல்லுங்க, நான் சொல்றேன்."

முதல் வரி சொன்னேன். இரண்டாம் வரி சொன்னேன். மூன்றாவது வரியைச் சொல்ல முடியவில்லை. சாகக் கேட்கிற ஜெபத்தை, என் பிள்ளை பிழைக்க வேண்டும் என்று கரண்டியோடு நிற்கிறவளிடம் எப்படிச் சொல்வேன்? வெட்கமாக இருந்தது. "ஆமென். அவ்ளோதாம்மா" என்றேன்.

போனை வைக்காமலே நூர்ஜஹான் ஜெபித்தாள். கரண்டி கிண்ணத்தில் படுகிற சத்தம் கேட்டது. பிறகு கத்தினாள்: "அக்கா, வாங்கிக்கிச்சு!"

பத்து நாள் கேட்டேன். பதினெட்டு நாள் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அந்த நாட்களில்தான் இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு நான் முழுசாகத் தூங்கினேன்.

அழைத்து வந்த அன்று வீட்டில் முதல் வேளை. ஜெபித்து ஆமென் சொன்னேன். பிளெஸ்ஸி வாயைத் திறக்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள். மறுபடியும் சொன்னேன். ஊஹூம். பதறிப்போய் நூர்ஜஹானுக்குப் போன் போட்டேன்.

"ஐயோ, தப்பா நெனச்சுக்காதீங்கக்கா. ஆமென்னுக்கு அப்பறம் நானா ஒண்ணு சேத்துகினேன். 'அம்மா நல்லாயி வரணும்'னு."

எனக்காக ஜெபிக்க ஒருத்தரும் இல்லை என்று நினைத்திருந்தேன். பதினெட்டு நாள், மூன்று வேளையும், என் பெண்ணின் கட்டிலில் எனக்காக ஜெபம் நடந்திருக்கிறது.

ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது என்றார்கள். மூட்டுவலி சகோதரியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன், உதவியும் கேட்டேன். தன் மருமகளைத் தினமும் அனுப்பிவைத்தார். பிளெஸ்ஸி இப்போது மாதத்தில் மூன்று நாள் மாத்தூரில் இருக்கிறாள். அந்த நாட்களில் வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் ஆராதனை முடிகிறவரை உட்காருகிறேன்.

பூட்டிய கதவுக்குப் பின்னால் பிள்ளையோடு தனியாக இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்கிறேன். சின்னதாகக் கேளுங்கள், வெட்கப்படாமல் கேளுங்கள். அவர் கொடுப்பார். யார் கையால் கொடுப்பார் என்று மட்டும் நீங்கள் முடிவுசெய்யாதீர்கள்.

அந்த மூன்றாவது வரியை நான் விட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் இப்போது ஆமென்னுக்குப் பிறகுதான் கடைசி வரி. "அம்மா நல்லா இருக்கணும்" என்று நானே என் வாயால் சொன்னால்தான் என் மகள் சாப்பிடுகிறாள்.