தைலம்மாள் கொடுத்த இரண்டாவது மனு

தைலம்மாளுக்கு வயிற்றில் கட்டி. தொட்டால் கையில் தட்டுப்படும். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால்தான் என்னவென்று தெரியும் என்று டாக்டர் சொல்லி நாலு மாசம் ஆகிவிட்டது. கல்வராயன் மலையடிவாரத்து அரசு ஆஸ்பத்திரி அது. மெஷின் இருக்கிறது, ரூம் இருக்கிறது, ஏசிகூட ஓடுகிறது. தேதிதான் இல்லை! சீட்டில் ஒரு தேதியை அடிப்பார்கள், கீழே இன்னொன்றை எழுதுவார்கள். இதுவரைக்கும் நாலு தேதி. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

சீட்டு கொடுக்கிற பெண் ஒவ்வொரு தடவையும், "கூட யாரு வந்திருக்காங்க?" என்பாள். யார் வருவார்கள்? புருஷன் பழனி செத்து ரெண்டு வருஷம். மகள் கமலா திருப்பூர் பனியன் கம்பெனியில். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் உண்டு. கரும்பு வெட்டிவிட்டு வூட்டுக்கு வந்தால், 'வந்துட்டியா' என்று கேட்க ஒரு நாதி கிடையாது.

ஒரு திங்கட்கிழமை வேலையை விட்டுவிட்டு, கள்ளக்குறிச்சி கலெக்டர் ஆபீசுக்கு பஸ் ஏறினாள். வாசலில் மனு எழுதும் சின்னராசு, "சாட்சிக்கு யாரும்மா?" என்றான்.

"வரிசைல குந்திக்கினு கெடக்கிற அத்தினி பேரும்தான். யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, எழுது."

மனு வேலை செய்தது. பதினைந்தாம் நாள் ஜீப்பில் ஓர் அதிகாரி வந்து இறங்கினார். டாக்டரும் கூடவே நடந்து வர, எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறார்கள் என்று வரிசையில் ஒவ்வொருவராக விசாரித்தார். முதல்நாள் கடைசி பஸ்ஸில் மலையிலிருந்து இறங்கி ஆஸ்பத்திரி வாசலிலேயே படுத்துக் கிடந்த பாவாடை என்கிற ஆள், "இப்பத்தான் சார் வந்தேன்" என்றான். காலை ஆறு மணிக்கே வந்த பாப்பாத்தியும் அதையேதான் சொன்னாள். நாளைக்கும் அந்த டாக்டரிடம்தானே போய் நிற்க வேண்டும்! தைலம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'என்கிட்ட வரட்டும், நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேக்கறேன்' என்று சீட்டை இறுக்கிப் பிடித்தாள்.

அதிகாரி வந்தார். பெஞ்சில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"சாப்டீங்களாம்மா?"

அதை அவளிடம் ஒருத்தர் கேட்டு எத்தனை காலமாயிற்று! தலையை மட்டும் ஆட்டினாள்.

"ரொம்ப நேரமா காத்திருக்கீங்களா?"

"இல்லீங்க, இப்பத்தான் வந்தேன்."

நேரம் கழித்து வந்த சொந்தக்காரரிடம் மனசு கோணாமல் சொல்கிற மாதிரி, வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் எழுதிக்கொண்டு எழுந்தார். ஜீப் கேட்டைத் தாண்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "நாலு மாசம் சார்!" என்று கத்திக்கொண்டே ரோடு வரைக்கும் ஓடினாள். யாரும் இல்லை. திரும்பி வந்தால், ஐந்தாவது தேதியைப் போட்டுக் கொடுத்தார்கள்.

"பாவி, ஒரு வார்த்தைக்கு மயங்கிட்டியேடி" என்று வூட்டில் தன்னையே திட்டிக்கொண்டு அழுதாள்.

அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் சின்னராசு முன்னால் போய் நின்றாள்.

"இன்னா எழுதணும்?"

"போன தடவ ஆபீசர் கேட்டப்ப நான் பொய் சொல்லிட்டேன். மொதல்ல அத எழுது. அப்புறம் அஞ்சு தேதியும் எழுது."

"சாட்சிக்கு?"

தைலம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"யாரும் இல்ல. என் பேரு ஒண்ணே போடு" என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் போட அவனிடமிருந்து பேனாவை வாங்கினாள்.