அமெரிக்காவிலிருந்து வரவேண்டிய கார்புரேட்டர்

ஊஸ்டர் என்ற ஐரோப்பிய நகரில் நான் வேலை செய்த கராஜின் முதலாளியிடம் எட்டு சிலிண்டர் அமெரிக்கக் கார் ஒன்று இருந்தது. எண்பதுகளின் நடுப்பகுதி. பெற்றோலைத் தண்ணீராகக் குடிக்கும் அந்தப் பழைய காரை ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வெளியே எடுப்பார். அதுவும் மழை இல்லையென்றால். அந்த ஊரில் மழை இல்லாத ஞாயிறு எத்தனை என்று கேட்கக் கூடாது.

அந்த வசந்தத்தில், பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் அதன் கார்புரேட்டர் கைவிட்டது. அடித்தட்டு வளைந்து, இடுக்கால் காற்றை இழுத்து, எஞ்சின் நின்ற இடத்திலேயே திணறியது. நானே அதைக் கழற்றி, எஞ்சினின் திறந்த வாயைத் துணியால் மூடினேன். பதிலுக்கு எதைப் போடுவது என்பதில்தான் தகராறு.

அருகிலிருந்த ஓர்லிகோனில் பழைய சாமான் விற்பவர் ஒருவரிடம் கொஞ்சம் சின்னது இருந்தது. ஆணித் துவாரங்கள் பொருந்தும். வேகம் எடுக்கும்போது இழுவை சற்றுக் குறையும், அவ்வளவுதான். மற்றது அந்த எஞ்சினுக்கென்றே செய்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரவேண்டும். இலையுதிர் காலம் ஆகிவிடும் என்றார்கள்.

சின்னதையே போடுவோம் என்றேன். காரணம் சொல்லவில்லை. என் அகதி விண்ணப்பம் ஒருமுறை நிராகரிக்கப்பட்டு மேல்முறையீட்டில் கிடந்தது. எந்த நேரமும் திருப்பி அனுப்பிவிடலாம் என்றே அந்த நாட்களில் எல்லாவற்றையும் தெரிவு செய்தேன். குளிர்காலச் சப்பாத்து வாங்கவில்லை. பெரிய அரிசிப் பை வாங்கவில்லை. போவதற்கு முன் அந்த எஞ்சின் ஒழுங்காக ஓடும் சத்தத்தை ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்ற ஆசை மட்டும் விடவில்லை.

முதலாளி மறுத்துவிட்டார். "அமெரிக்காவிலிருந்தே வரட்டும். வந்ததும் நீ எஞ்சினில் பூட்டு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னோடு அறையில் இருந்தவர் உணவகமொன்றில் கோப்பை கழுவுபவர். அவரிடம் கொட்டித் தீர்த்தேன்.

"அவங்களுக்கென்ன, அவசரமில்லாம ஆறுதலா இருந்து பாப்பாங்கள். எங்களுக்கு ஏலுமோ?" என்றார்.

"ஓம் அண்ணை. நான் போன பிறகு ஆர் பூட்டினா அவருக்கென்ன."

கோடை முழுவதும் முதலாளியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில்.

ஆவணியில் மேல்முறையீடும் தள்ளுபடியானது. பாரிசில் மச்சான் ஒருவன் இருந்தான். திருப்பி அனுப்புமுன் அவனிடம் போவதென்று முடிவு செய்தேன். முதலாளியே என்னை ரயில் நிலையத்துக்குக் கூட்டிவந்தார். அதிகம் பேசாத மனிதர். வண்டியை நிறுத்திவிட்டு, எனக்கு விளங்கும்படி மெதுவாகச் சொன்னார்.

"அகதி அலுவலகத்துக்குப் போனேன். எஞ்சின் திறந்து கிடக்கிறது, அதை முடிக்கும்வரை இவனை அனுப்பக் கூடாது என்றேன். வேறு ஆள் முடிக்கலாமே என்றார்கள்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "அதற்காகவா அமெரிக்காவிலிருந்தே வரட்டும் என்றீர்கள்?"

"எவ்வளவு தாமதமாகிறதோ அவ்வளவு நல்லது என்று நினைத்தேன். பாதி வேலையில் ஒருவனை அனுப்புவார்கள் என்று நான் நினைக்கவேயில்லை."

அவர் அதை மனதார நம்பியிருந்தார். அவர் வளர்ந்த ஊரில் தொடங்கிய வேலையை யாரும் குலைப்பதில்லை. நான் வந்த இடத்தில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடியிருக்கிறோம். என்னைவிட அந்த மனிதரை நினைக்கத்தான் எனக்குப் பரிதாபமாக இருந்தது.

ரயில் வந்தது. என் பையைத் தூக்கி உள்ளே வைத்தார். கார்புரேட்டர் பெட்டி வந்தால் உனக்காகப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன் என்றார்.

சரி என்றேன்.