எரிக்காமல் விட்ட செடி

தக்காளி இலையைக் கசக்கினால் விரலில் பச்சையாய் ஒட்டிக்கொண்டு, கழுவினாலும் போகாமல் நிற்கும் அந்த நெடி எனக்கு இன்றும் ஆவதில்லை.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, கோர்ட்டுக் குமாஸ்தாவாக இருந்த அப்பா யாரோ ஒரு துரை பங்களாத் தோட்டக்காரனிடம் வாங்கிவந்த விதையை, பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் போட்டுப் பன்னிரண்டு செடிகளாக்கியவள் என் மதினி. அண்ணன் இறந்து ஒரு வருஷமாக, நல்ல காரியம் எதற்கும் முன்னே வராமல் அடுக்களையோடு கிடந்தவளுக்கு, "சீமைத்தக்காளி" என்று நாங்கள் சொன்ன அந்தச் செடிகளிடம் போகும்போதுதான் முகம் கொஞ்சம் தெளியும்.

பிஞ்சு பிடிக்கும் சமயத்தில் ஒரு செடியின் தண்டு மண்ணை ஒட்டிக் கறுத்தது. மதினி நகத்தால் கீறிப் பார்த்தாள், உள்ளேயும் பழுப்பேறியிருந்தது.

"ஏட்டி, இதை வேரோட பிடுங்கி அடுப்புல போட்டிரு. அங்கன இங்கன போட்டிராத, மத்ததுக்கும் ஒட்டிக்கிடும்" என்றாள்.

தெருவில் தோழிகள் விளையாடக் காத்திருந்தார்கள். பச்சைச் செடியை அடுப்பில் வைத்துப் புகையோடு மல்லுக்கட்டப் பொறுமையில்லாமல், நான் அதை ஒடித்து மற்றச் செடிகளின் அடியில் போட்டு, உரமாகட்டும் என்று மண்ணைத் தள்ளி மூடிவிட்டு ஓடினேன்.

பதினைந்து இருபது நாளில் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாத் தண்டுகளும் கறுத்து, செடிகள் பிஞ்சுகளோடு சாய்ந்தன.

எங்களோடிருந்த அத்தை, எல்லாரும் கேட்கச் சொன்னாள்: "தாலியறுத்தவ கை பட்டா பச்சை நிக்குமா?"

அப்பா என் பக்கம் திரும்பினார். "சீக்குச் செடிய எரிச்சியாட்டி?"

"எரிச்சேன்ப்பா" என்றேன்.

மதினி கதவோரம் நின்றாள். அன்று காலை, செத்த செடிகளைப் பிடுங்கும்போது, நான் புதைத்த துண்டுகள் அவள் கையில் வந்ததை நான் பார்த்திருந்தேன். அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அதன்பின் முருங்கைக்குக்கூட அவள் தண்ணீர் விடக்கூடாதென்று அத்தை தடுத்துவிட்டாள். இரண்டு மாதத்தில் ஏரலிலிருந்து அவளுடைய தமையனார் வந்து வண்டியில் அழைத்துப் போனார். ஏறும்போது என் தலையைத் தடவி, "அழாதட்டி" என்றாள். நான் எதற்கு அழுதேன் என்று அவளுக்குத் தெரியும்.

பல வருஷம் கழித்துத் திருச்செந்தூர்க் கோயிலில் அவளைக் கண்டேன். இன்று சொல்லிவிடுவதென்று கிட்டப் போனேன். அவளோ சிரித்துக்கொண்டே என் குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். சொல்லாமலே குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது சீமைத்தக்காளி என்றால் யாருக்கும் புரிவதில்லை. கடைத்தெருவெல்லாம் வெறும் தக்காளியாகக் குவிந்துகிடக்கிறது. கிணற்றைத் தூர்த்து வீடு கட்டிவிட்டார்கள். அப்பா, அத்தை, மதினி மூவரும் போய்விட்டார்கள். கேட்க வேண்டியவர்கள் ஒருவரும் இல்லையென்று ஆனபிறகுதான் இதை எழுத எனக்குத் துணிவு வந்திருக்கிறது.