நான் கட்டிய ஒல்லாந்தர் பண்டகசாலை

அந்தக் கதவுநிலையில் கதவு இல்லை. முருகைக்கல்லால் கட்டிய இரண்டு சுவர்களும் பாதி இடிந்த இன்னொன்றும் மிஞ்சியிருந்தன. கூரை எப்போதோ போய்விட்டது. நிலைக்குள் நின்று பார்த்தால் கடல், சட்டம் போட்ட படம் மாதிரித் தெரியும். நான் அழைத்துப்போன எல்லோரும் அதில் நின்று படமெடுத்தார்கள். நிற்கச் சொன்னதே நான்தான்.

அப்போது நெளுக்குளத்தில் சரித்திரம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். விடுமுறை நாட்களில், கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருகிறவர்களை முல்லைத்தீவுக் கரைக்குக் கூட்டிப்போவேன். காலையில் கொக்கிளாய்க் களப்பில் படகோட்டம், கண்டல் மரங்களுக்குள் பறவை பார்த்தல். பிறகு முள்ளுப் பற்றைகளினூடாக மணல்மேடு ஏறி அந்தச் சுவர்கள்வரை நடை. முதல் தடவை போனபோது ஒரு பெண் அது என்ன கட்டடம் என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. ஆனால் சரித்திர ரீச்சர் தெரியாது என்று சொல்வதா? ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், ஆண்ட காலத்துப் பண்டகசாலை என்றேன். அடுத்தடுத்த பயணங்களில் அதற்கு ஓர் அதிகாரியும், அவர் காத்திருந்த கப்பலும் வந்து சேர்ந்தன.

எங்கள் படகுக்காரரை, முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல் நானா என்றுதான் கூப்பிடுவேன். ஐம்பது கடந்தவர். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது இளவயதில் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து, புத்தளத்தில் நெடுங்காலம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். தண்ணீர்ப் போத்தல்களைச் சுமந்துகொண்டு மேடுவரை வருவார். நான் கதை சொல்லும்போது சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தள்ளி உட்கார்ந்துவிடுவார். கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருக்கும் என்று நினைத்தேன்.

ஒருநாள் வந்தவர்களில் ஒரு பெரியவர் அவரிடம், "உங்கட வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். நானா முதலில் என்னைப் பார்த்தார். பிறகு, "இதுதான் ஐயா," என்றார். பகிடி என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மற்றவர்கள் முன்னே இறங்கிப்போக, அவர் என் பக்கத்தில் வந்தார். "ரீச்சர், ஒண்டு கேக்கவேணும். வாப்பா இந்தச் சுவர் எழுப்பேக்க கல்லுத் தூக்கிக் குடுத்தது நான். உம்மா சமைச்ச குசினி அந்த மூலையில. ஆனா படிச்ச நீங்கள் சொல்லேக்க, எங்களுக்கு முந்தி அதில ஒல்லாந்தர்ர அத்திவாரம் ஏதும் இருந்திருக்குமோ எண்டு யோசிச்சன். இருந்ததோ?"

குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே கேட்டார். என் பொய்யை நம்பி, தன் கண்ணால் கண்டதை அந்த மனிதர் இத்தனை மாதமாகச் சந்தேகித்திருக்கிறார். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். சொன்னதோ, "இருந்திருக்கலாம் நானா."

அவர் தலையாட்டிவிட்டுப் படகுக்குப் போனார்.

திரும்பும் வழியில், எங்கள் வான் ஓமந்தையைத் தாண்டும்போது அந்தப் பெரியவர் எழுந்து எனக்கு நன்றி சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். கைகூப்பிச் சிரித்தேன். அதன் பிறகு ஒருவரையும் அங்கே கூட்டிப்போகவில்லை. அதைத் திருந்தியதாக எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்க்காமல் தப்பியது மட்டுந்தான் அது.

இரண்டு வருடம் கழித்து, போன மாசி மாதம், மன்னிப்புக் கேட்பதற்கென்றே தனியாகப் போனேன். மணல்மேட்டில் வேறு யாரோ கூட்டிவந்த ஆட்கள் நின்றார்கள். அவர்கள் நடுவே நானா. "ஓம், ஒல்லாந்தர் காலம்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வெட்கப்பட்டது அவர். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவரைத் தள்ளிக் கூட்டிப்போய், நான் சொன்னது முழுக்கப் பொய், அது உங்கள் வாப்பா கட்டிய வீடுதான் என்றேன்.

"தெரியும் ரீச்சர். லாத்தா எனக்கு மூத்தவ, பிறகு அவவிட்டயும் கேட்டனான்."

"அப்ப ஏன் நானா நீங்களும் அதையே சொல்லுறியள்?"

அவர் கடலைப் பார்த்தார். "வீடெண்டு சொன்னா, ஏன் விட்டிட்டுப் போனனீங்கள் எண்டு கேப்பினம். அதைச் சொல்லத் தொடங்கினா அண்டைக்கு எனக்கு ஒரு வேலையும் ஓடாது. ஒல்லாந்தர் எண்டா, படமெடுத்திட்டுப் போயிடுவினம்."